இலை மஞ்சளானதும் உரத்தைத் தேடாதீர்கள்

வீட்டுக்குள் வளரும் மனிபிளாண்டில் ஓர் இலை மஞ்சளானதும் பலரும் முதலில் செய்வது, ஒரு ஸ்பூன் உரம் போடுவது. அடுத்த சில நாட்களில் இன்னும் நாலு இலை மஞ்சளாகும். "சத்து பத்தவில்லை போல" என்று மறுபடியும் உரம். தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை, பட்டினியால் போவதைவிட இப்படிக் கவனிப்பு மிகுந்து போவதுதான் அதிகம் என்பேன்.

நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த இலை என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும் செடி. அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படி எளிதில் நகராது. அவற்றின் குறை தளிரில்தான் தெரியும். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அது அடி இலையில் என்றால் மக்னீசியத்தையும், நுனித் தளிரில் என்றால் இரும்பையும் சந்தேகப்படலாம். இந்த ஒன்றைக் கவனிக்காமல்தான் இரண்டுக்கும் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். அதில் இரும்பு கிடையாது. அளவு மீறினால், சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல்சத்தையும் வேர் எடுப்பதற்கு அதுவே தடையாகும்.

எப்போதாவது அடியில் ஒரே ஓர் இலை பழுத்து உதிர்கிறது, தளிர் செழிப்பாக வருகிறது என்றால் அது வயசுதான். விட்டுவிடுங்கள்.

அடி இலைகள் பலவும் ஒன்றாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டாதீர்கள். அதே தோற்றத்தை அதிகத் தண்ணீரும் தரும். ஈரம் வடியாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்று இல்லாத வேரால் பக்கத்தில் இருக்கிற சத்தைக்கூட உறிஞ்ச முடியாது. சந்தேகம் என்றால் தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியோடு செடியை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடை அடிக்கும். அழுகியதை வெட்டி, புது மண்ணில் நட்டு, வேர் பிடிக்கும்வரை உரத்தை நிறுத்துவதுதான் வைத்தியம். வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும் செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும்; பால்கனிச் செடிக்கு ஊற்றும் அதே அளவை அதற்கும் ஊற்றக் கூடாது.

அடுத்தது, தண்ணீரின் தரம். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் ஏராளம். நீரில் இருந்த உப்பு செறிவாகச் சேர்ந்திருப்பது அதில்தான். மழை படாத உள்வீட்டுத் தொட்டியில் அந்த உப்பு அப்படியே தங்கும். தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் படிவு, இலை நுனியில் பழுப்புக் கருகல் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சத்துக் குறையைவிட உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியே முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். ஆர்.ஓ. கழிவுநீர் தரை துடைக்க ஆகட்டும்.

உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் காரத்தன்மையை மெல்ல மெல்ல ஏற்றும். அதை அளக்கும் எண்ணான பி.எச். 7-ஐத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எளிதில் கிடைக்காது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பலனில்லை. துரு அந்த மண்ணில் கரையாது. அங்கே வேலை செய்வது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை செலேட் இரும்பு, அதாவது கரைந்த நிலையிலேயே இருக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், இலை மேல் ஊசியால் குத்தியதுபோல நுண்ணிய வெளிர் புள்ளிகள் இருந்தால் அது சத்துப் பிரச்சினையே அல்ல, சிலந்திப்பேனாக இருக்கலாம். ஏசி அறையின் வறண்ட காற்றில் அது வேகமாகப் பெருகும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் பேன்தான். ஊதா நிற எல்.இ.டி. விளக்கின் கீழ் வளர்க்கிறவர்கள் செடியை ஜன்னல் ஓரம் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் இலையின் உண்மையான நிறம் தெரியும்.

மருந்து, உரம், இடமாற்றம் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றிவிட்டு, அடுத்து விரியும் இலையைப் பாருங்கள். கருகிய பகுதி எந்த உரத்துக்கும் திரும்பப் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வந்தால் சரி, பழையதை நறுக்கிவிடலாம்.