பனிமூட்டம் படத்தில் சாம்பலாக வருகிறதா?

விடிகாலையில் வயல் முழுக்க வெள்ளைப் பனிமூட்டம்; எடுத்த படத்திலோ அழுக்குச் சாம்பல். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. எதிரே இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் அதன் ஒளிமானி கணக்குப் போடும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வரை ஏற்றுங்கள். பெரும்பாலான மொபைல்களில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும்.

வெறும் மூட்டத்தில் ஃபோகஸ் தடுமாறும். திரையில் மரத்தின் விளிம்பையோ வேலிக் கம்பத்தையோ தொட்டு ஃபோகஸை நிறுத்துங்கள். பனி விலகத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் என் கணக்கில் தங்கம். சோம்பலில் நான் தவறவிட்டவை ஏராளம்!

மழைக்கு வேறு கணக்கு. பின்னணியில் வானம் இருந்தால் மழை தெரியவே தெரியாது. இருண்ட மரங்கள் பின்னால் வரும்படி நில்லுங்கள். ஷட்டர் வேகத்தை 1/60 நொடி வைத்தால் மழை கோடுகளாக விழும், 1/1000 நொடி வைத்தால் துளிகளாக.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் வெளியே கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.