பேச்சுவார்த்தைகளை நோக்கம் பார்த்துப் பிரிப்பது எப்படி?

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். ஒப்பந்தத்தின் பெயரும் ஆண்டும் சொல்வார்கள். எந்த நாடு எதற்காக மேசைக்கு வந்தது என்றால் திணறுவார்கள். எனக்குக் கைகொடுத்தவை, அமெரிக்க அறிஞர் பிரெட் இக்ளே பேச்சுவார்த்தை நோக்கங்களுக்கு 1964இல் வகுத்த ஐந்து பிரிவுகள்.

படி 1: வெற்று அட்டைகள், பென்சில். கணினி அட்டவணை வேண்டாம். அட்டைகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றும்போது வருகிற தெளிவு திரையில் வராது.

படி 2: பேச்சுக்கு ஒரு அட்டை அல்ல, தரப்புக்கு ஒன்று. மலேசியாவின் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வாங்கும் தண்ணீரைப் பாருங்கள். 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் கேலன் 3 சென். விலையை மாற்றக் கேட்கிறது மலேசியா; 2061 வரை இருப்பதே இருக்கட்டும் என்கிறது சிங்கப்பூர். மேசை ஒன்று, நோக்கம் இரண்டு.

படி 3: பிரியுங்கள். பழைய ஏற்பாடு தொடரவேண்டுமா? நீட்டிப்பு. மோதலை முடித்து உறவைச் சீராக்கவா? இயல்பாக்கம், 1966இல் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடந்தது அதுதான். அடுத்தவர் பங்கிலிருந்து கேட்டால் மறுபங்கீடு. எல்லாருக்கும் பயன்தரும் புதிய அமைப்பு என்றால் புத்தாக்கம், 1967 ஆசியான். உடன்பாட்டைவிடப் பேசுவதாலேயே கிடைப்பது முக்கியமென்றால் பக்கவிளைவு.

படி 4: நான் சறுக்கிய இடம். 1955 டிசம்பரில் கெடாவின் பாலிங்கில், அப்போது மலாயாவின் முதலமைச்சராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், ஆயுதப் போராட்டம் நடத்திய மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். (நாடுகளுக்கிடையிலான பேச்சு அல்ல, ஆனால் பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடையாது.) இரண்டே நாளில் முறிந்ததால் 'பக்கவிளைவு' என்று எழுதிவிட்டேன். தவறு. துங்கு கேட்டது சரணடைதல், சின் பெங் கேட்டது கட்சிக்கு அங்கீகாரம். இரண்டு அட்டையும் இயல்பாக்கத்தில்தான் வரும். ஆனால், உள்நாட்டுப் பாதுகாப்பு துங்குவின் கைக்கு வந்தால் போரை நிறுத்துவதாக சின் பெங் சொன்ன வார்த்தை, அடுத்த மாதம் லண்டனில் சுதந்திரம் பேசப்போன துங்குவுக்குப் பலமாக அமைந்தது. அது விளைவு; அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் நோக்கத்துக்கு மட்டும்.

பின்சேர்க்கை: "நீட்டிப்புப் பேச்சில் கூடுதல் பணமும் கேட்டால்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான சிக்கல். பேச்சு முறிந்தால் எது நின்றுபோகும் என்று பாருங்கள். பிலிப்பைன்ஸிலிருந்த அமெரிக்க ராணுவத் தளங்களைத் தொடர்வது பற்றிய பேச்சில் பணமும் பெரிய பிரச்சினைதான். ஆனால் 1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-11 என்று ஒப்பந்தத்தை நிராகரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சூபிக் தளம் காலியானது. அமெரிக்காவின் அட்டையில் 'நீட்டிப்பு' என்றே எழுதுங்கள்.