உயிரியல் படிக்கிறீர்களா? சோதனையிலிருந்து தொடங்குங்கள்

முதல் ஆண்டு முழுக்க நான் மனப்பாடத்தில்தான் ஓட்டினேன். செல் உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். "சரி, இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது?" என்று ஓர் ஆசிரியை கேட்டபோது பதில் வரவில்லை. அன்றைக்குப் படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

எந்தப் பாடமானாலும் அதன் பின்னால் இருக்கும் சோதனையைத் தேடிப் படியுங்கள். டிஎன்ஏ இரட்டிப்பாவதையே எடுத்துக்கொள்வோம். 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15இல் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழித்து டிஎன்ஏவை மையவிலக்கியில் சுழற்றி அடர்த்திக்கேற்பப் பிரித்தால் கனத்துக்கும் லேசுக்கும் நடுவே ஒரே ஒரு பட்டை: ஒவ்வொரு டிஎன்ஏவிலும் பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று. இங்கே புத்தகத்தை மூடுங்கள். பழைய இழைகள் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே இருந்திருந்தால் பட்டைகள் எங்கே நின்றிருக்கும்? அடுத்த தலைமுறையில்? தாளில் வரைந்து பாருங்கள். இப்படி வரைந்த பாடம் எதுவும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்தது கைப்பழக்கம். மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி அளக்கும் மைக்ரோபிப்பெட்டின் பொத்தானை முதல் தடை வரை அழுத்திய பிறகே நுனியை திரவத்தில் வையுங்கள், மெதுவாக விடுங்கள். தராசில் தண்ணீரை விட்டுச் சோதிக்கலாம்: 100 மைக்ரோலிட்டர் ஏறக்குறைய 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை செய்து எண்கள் ஒட்டி வருகின்றனவா என்று பாருங்கள்.

இறுதியாண்டு ஆய்வில், டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் செய்தேன்; ஒப்பிடுவதற்காக டிஎன்ஏ சேர்க்காமல் வைத்த கட்டுப்பாட்டுக் குழாயிலும் பட்டை வந்தது. ஆறு வாரம் போனது. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர் இருந்த குழாயில் எங்கோ மாசு கலந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாவதால் 30 சுற்றில் ஒரு மூலக்கூறு கணக்குப்படி நூறு கோடியைத் தாண்டும்; துளி மாசு போதும். அப்புறம் எல்லாக் கரைசலையும் சிறு குழாய்களில் பிரித்து வைக்கப் பழகினேன். எந்த நாள் எந்தக் குழாயைத் திறந்தேன் என்று மேசையில் நின்றபடியே நோட்டில் எழுதிவிடுவேன். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதும் நோட்டை நம்பாதீர்கள்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று எலிகளிடம் எடுத்த மூன்று மாதிரிகளும் ஒரே எலியிடம் எடுத்த மூன்று மாதிரிகளும் ஒன்றல்ல; எலிக்கு எலி உள்ள வேறுபாட்டை முதலாவதுதான் காட்டும். இந்த வேறுபாடு புரிந்தாலே பாதிக் கட்டுரைகளை வேறு கண்ணோடு வாசிப்பீர்கள். கணக்கிட ஆர் (R) அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்று போதும்.

வேலை என்று வரும்போது ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: உயிர்மருத்துவப் பட்டம் மருத்துவப் பட்டம் ஆகாது. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கப் பல நாடுகளில் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் தேவை. சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பு, மருந்து ஒப்புதல் ஆவணங்கள், உயிர்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியில் ஆராய்வது), காப்புரிமை, மரபணு ஆலோசனை என்று வெளியே பல வேலைகள் இருக்கின்றன; சிலவற்றுக்கு மேற்படிப்பு வேண்டும்.

முனைவர் பட்டம் யோசிக்கிறவர்கள் முதலில் சில மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பாருங்கள். இடம் கேட்டு எழுதும்போது "எனக்கு ஆர்வம் அதிகம்" என்று மட்டும் எழுதாமல், அவர்களுடைய கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு படத்தைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு முதல் ஆய்வகம் அப்படிக் கேட்ட ஒரு கேள்வியால்தான் கிடைத்தது.