உயர்நிலை வகுப்புகளில் வாசிப்பையும் சொல்வளத்தையும் வளர்க்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நூல்களைத் தொடுவதில்லை என்று குறைப்படும் ஆசிரியர்கள், அவர்கள் கையில் எந்த நூல் கொடுக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நூலின் ஏதேனும் ஒரு பக்கத்தை மாணவர் வாய்விட்டுப் படிக்கட்டும். அந்தப் பக்கத்தில் பொருள் தெரியாத சொற்கள் ஐந்துக்கு மேல் இருந்தால், அந்நூலைச் சில மாதங்கள் கழித்துக் கொடுப்பதே நல்லது. அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் இருப்பதால் இந்தத் தேர்வு எளிதாகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் 'நட' நிலையில் தொடங்குவதில் இழிவு ஏதுமில்லை, ஆனால் அதைப் பிறர் முன்னிலையில் அறிவிக்கக் கூடாது. எல்லா நிலை நூல்களையும் கலந்து மேசையில் பரப்பி வைத்துவிட்டால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென வரும் 'தேன்சிட்டு' இதழையும் அதே மேசையில் வைக்கலாம்.

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். அந்த நேரத்தில் ஆசிரியரும் ஒரு நூலை வைத்துப் படிக்க வேண்டும். அவர் கைப்பேசியில் எமிஸ் எனும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றத்தை முடித்துக்கொண்டிருந்தால், வாசிப்பு என்பது மாணவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வேலை என்று வகுப்பு புரிந்துகொள்ளும். படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்வதை அடியோடு விட்டுவிடலாம்.

சொற்களைக் கற்பிக்கும்போது எவற்றைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களைக் கற்பிக்கத் தேவையில்லை. ஒளிச்சேர்க்கை, நாற்கரம் போன்ற பாடக் கலைச்சொற்களை அந்தந்தப் பாட ஆசிரியர் பார்த்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பாடங்களிலும் செய்தித்தாளிலும் திரும்பத் திரும்ப வந்தும் யாரும் விளக்காமல் விடுகிற சொற்கள் இருக்கின்றன: கருது, முரண்பாடு, விளைவு, தவிர், ஏற்றத்தாழ்வு, அணுகுமுறை. உழைப்பை இவற்றின் மீது செலவிட வேண்டும். வாரத்திற்கு ஐந்து சொற்களே போதும். அந்த ஐந்தையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, வாரம் முழுவதும் ஆசிரியர் தம் பேச்சில் இயல்பாகப் பயன்படுத்த வேண்டும். ஒரே சொல்லை வெவ்வேறு இடங்களில் பலமுறை எதிர்கொண்ட பிறகே அது மாணவருக்குச் சொந்தமாகிறது.

குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் இரண்டு பத்திகளாக எழுதிவைக்கும் பழக்கத்தால் பயன் குறைவு. அதற்கு மாற்றாக, 'தவிர்' என்ற சொல்லுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி, அது முதலில் கண்ணில் பட்ட வரியை மேலே எழுதட்டும். அடுத்து, 'மழைநாளில் எங்கள் ஊர்ப் பேருந்து ஏரிக்கரைச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகும்' என்பதுபோலத் தம் ஊரைப் பற்றிய வாக்கியம் ஒன்று. அதன் கீழே தவிர்ப்பு, தவிர்க்கமுடியாத, தவிர என்று அதன் உறவுச் சொற்கள்.

அகராதியைப் பயன்படுத்தச் சொல்லும்முன் ஒரு பயிற்சி அவசியம். 'ஈன்றது' என்ற சொல்லை மாணவர் அகராதியில் தேடினால் கிடைக்காது. அது 'ஈன்' என்பதன்கீழ் இருக்கிறது. கற்றார் என்பதற்குக் கல், கண்டனர் என்பதற்குக் காண், நின்றான் என்பதற்கு நில். பொருள் தெரியாமல் தடைப்படுவதைவிட, அடிச்சொல்லைப் பிரித்தறிய முடியாமல் தடைப்படுவதே தமிழ் வாசிப்பில் மிகுதி என்பது என் கருத்து; 'பொருட்படுத்தப்படாமலேயே' என்ற நீண்ட சொல்லைக் கண்டு மலைக்கும் மாணவர், அதைப் பிரித்துக் காட்டியதும் பாதிக்கு மேல் தமக்குத் தெரிந்ததே என்று உணர்ந்துகொள்கிறார். ஆகவே அன்றைய பாடத்திலிருந்து எடுத்த வினைச்சொற்களை எழுதி, அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியாக இதை நடத்தலாம். கொ என்ற எழுத்து கை என்பதற்குப் பின்னால் வருமா, முன்னால் வருமா என்பதிலேயே பலர் தயங்குவார்கள் என்பதால், அகரவரிசையையும் ஒருமுறை நினைவூட்டிவிடுவது நல்லது.

வட்டாரத்திலிருந்தே சொற்களுக்கு வழி அமைக்கலாம். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடந்து கூடு கட்டுவதைக் கண்ணால் பார்த்தவர். அவரை வகுப்பில் பேசவிட்டு, அதன்பின் உருமாற்றம், கூட்டுப்புழு, பருவம் என்ற சொற்களை அவர் பேச்சோடு இணைத்தால் அவை மறப்பதில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்க்க அழைத்துச் செல்லும் ஆசிரியர், தொறு என்றால் ஆநிரை, பட்டான் என்றால் இறந்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்தவனின் செய்தியை மாணவர்கள் தாமே பொருள்கொள்வார்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் மாணவர்கள் பலர். இவர்களுக்கு எழுத்துத் தமிழ் காதுக்கே புதியது என்பதால், ஆசிரியர் வாரம் இருமுறையேனும் பத்து நிமிடம் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். குறிப்பேட்டில் வீட்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள அனுமதிப்பதால் தமிழுக்குக் குறைவு வந்துவிடாது.

மே மாத விடுமுறையில் பலர் மாந்தோப்பு வேலைக்குப் போவார்கள். இத்தனை நாள் சேர்ந்த பழக்கம் அப்போதுதான் அறுபடும். ஆளுக்கு இரண்டு நூல்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுத்தனுப்ப வேண்டும். தொலைந்துவிடும் என்று அஞ்சி அலமாரியைப் பூட்டிவைக்கும் தலைமையாசிரியரிடம், சில நூல்கள் கிழிந்தும் தொலைந்தும் போகத்தான் செய்யும் என்பதை முன்னதாகவே பேசி ஒப்புதல் பெற்றுவிடுவது நல்லது. பள்ளி திறந்ததும் படித்தாயா என்று விசாரிக்க வேண்டாம். இந்த நூலை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம், ஏன் என்று கேட்டால், படித்தவர் யார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.