பாண்டிக்கு வந்தால் முதலில் மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள்

நான் மருந்து கம்பெனி ரெப். 14 வருடமாகப் புதுச்சேரிதான் என் ஏரியா. கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் தொடங்கி நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை வரை டாக்டர்களைப் பார்த்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் எனக்கு வெளிச் சாப்பாடுதான். வெளியூரில் இருந்து யார் வந்தாலும் என்னிடம் கேட்பது, எந்த ஹோட்டலுக்குப் போகலாம் என்று. நான் பெயர் சொல்வதில்லை. இன்றைக்கு நன்றாக இருக்கும் கடை, மாஸ்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் அடுத்த மாதமே ருசி மாறிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டால் எந்த வருடம் வந்தாலும் உதவும்.

காலை 7 மணி வாக்கில் பெரிய மார்க்கெட்டுக்குப் போங்கள். கூபேர் மார்க்கெட் என்பதும் அதுதான். நேரு வீதியில் இருந்தே உள்ளே நுழையலாம். பூக்கடை, காய்கறிக்கடை எல்லாம் தாண்டி மீன் விற்கும் பக்கம் வாருங்கள். எதுவும் வாங்க வேண்டாம், பார்த்தால் போதும். சங்கரா குவிந்து கிடக்கிறதா, கானாங்கத்தையா, கவலையா, நெத்திலியா? எது எல்லாக் கூடையிலும் இருக்கிறதோ அதுதான் அன்றைக்குக் கடல் கொடுத்தது. மீன்கார அம்மாவிடமே கேட்கலாம்: "இன்னிக்கு எது நல்லா வந்திருக்குக்கா?" செவுளைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று துருத்திக்கொண்டு இருக்க வேண்டும்.

அப்படியே கொஞ்ச நேரம் நின்று, யார் பத்து கிலோ, பன்னிரண்டு கிலோ என்று வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்கு யாரும் அவ்வளவு வாங்க மாட்டார்கள். அது மெஸ் நடத்துகிறவர்கள். நான் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கும் மெஸ் இப்படிக் கிடைத்ததுதான். ஒரு அக்கா ஒவ்வொரு சங்கராவாகத் திருப்பிப் பார்த்து, நாலைந்தைத் தள்ளிவைத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "எந்தக் கடைக்கா?" என்று கேட்டேன். தெருப் பெயரைச் சொல்லி, 12 மணிக்கு மேல் வரச் சொன்னார்.

மதியம் போகிற இடத்தில் "வஞ்சிரம் இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வஞ்சிரம் கேட்பதால், வந்தாலும் வராவிட்டாலும் ஐஸ் பெட்டியில் அது இருக்கும். "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். காலையில் நீங்கள் பார்த்த மீனின் பெயரைச் சொன்னால் தைரியமாக உட்காரலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கரையோரம் பிடித்து வருவது மட்டும் கிடைக்கும். பெரிய மீன் வேண்டுமென்றால் மேற்குக் கரையில் இருந்து லாரியில் வர வேண்டும். பள்ளி லீவில் பாண்டி நிரம்பி வழிவதும் இதே இரண்டு மாதத்தில்தான்.

இதை மறந்து நானே ஒருமுறை தவறு செய்தேன். ஒரு மே மாதம் கோயம்புத்தூரில் இருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைகள் கடல் தெரிகிற இடம்தான் வேண்டும் என்றார்கள். ஒரு மாடி ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். மெனுவில் வஞ்சிரத்துக்கு நேராக விலைக்குப் பதில் 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருந்தது. மீனின் அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். விலை கேட்காமல் ஆறு துண்டு சொல்லிவிட்டேன். மீனுக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் பில் வந்தது. பணம் போனதைவிட மீன்தான் மனசை உறுத்தியது. வெளியே மசாலா முறுகல். உள்ளே நார் நாராக, சுவையே இல்லாமல், நாள்கணக்கில் ஐஸில் கிடந்த மீன். மச்சான் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றார். பிள்ளைகள் தட்டில் பாதி அப்படியே இருந்தது. அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால், மீனைக் காட்டச் சொல்லி, என்ன விலை ஆகும் என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஊரின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கும் பிரெஞ்சுக்காரர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. பேக்கரி ரொட்டி, கேக், பிரெஞ்சு சாப்பாடு வேண்டுமானால் கிழக்கே இருங்கள், அதற்கு அது நல்ல இடம். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு அங்கேயே ஒரு காபி குடிப்பது எனக்கும் பிடிக்கும். மாலை 6 முதல் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். ஆனால் சோறும் குழம்பும் என்றால் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். இல்லையென்றால் கடலோரமாகவே வடக்கே, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் போங்கள். மீனவர் வீடுகள் இருக்கிற இடத்தில் கெட்டுப்போன மீனை விற்றுத் தப்பிக்க முடியாது.

மெஸ் வாசலில் நின்றதும் நான் முதலில் கவனிப்பது வாசனையைத்தான். இந்தப் பக்கத்து மீன் குழம்புக்குத் தாளிப்பு வடகம்தான் உயிர். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கோடை வெயிலில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது பிடித்துப்போய், 'வடுவான்' என்ற பெயரில் அங்கே ஒரு மசாலாவாகவே ஆகிவிட்டது. நல்லெண்ணெயில் அந்த உருண்டையைக் கிள்ளிப் போட்டால் பூண்டும் வெந்தயமும் கருகுகிற மாதிரி ஒரு வாசனை தெருவரைக்கும் வரும். அது வந்தால் உள்ளே போகலாம். அப்புறம் கல்லைப் பாருங்கள். மீனைத் தோசைக்கல்லில் போட்டு, கறிவேப்பிலை தூவி, திருப்பித் திருப்பி வாட்டுகிறார்களா, அல்லது காலையிலேயே பொரித்து அடுக்கிவைத்துச் சூடு மட்டும் காட்டுகிறார்களா? அடுக்கிவைத்திருந்தால் குழம்பு மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நேரம் முக்கியம். 12.30-க்கு உட்கார்ந்தால் குழம்பு கெட்டியாக இருக்கும், வறுவல் முழுதாக இருக்கும். 2.30-க்கு மேல் போனால் குழம்பில் தண்ணீர் சேர்ந்திருக்கும். சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூரு கார்கள் வந்துவிடும், இன்னும் சீக்கிரம் போங்கள். வெள்ளிக்கிழமை இருந்தால் முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் பிரியாணிக்குப் போகலாம். ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வரும் நேரத்தில்தான் தம் உடைத்த பிரியாணி சூடாகக் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கமே போதும், தேடி அலைய வேண்டாம்.

ஆட்டோக்காரரிடம் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், கமிஷன் கொடுக்கும் கடைக்கே கூட்டிப்போகிறவர்களும் உண்டு. "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் முகமே மாறிவிடும், வழியோடு சேர்த்துச் சொல்வார்.

மச்சான் மறுபடியும் ஆகஸ்டில் வந்தார். இந்த முறை அவர் சின்ன மகளைக் காலையிலேயே எழுப்பி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். வெள்ளியாக மினுமினுத்த கிழங்கானைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். முள் குறைவு, சதை மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்கு ஏற்ற மீன். மதியம் அந்த அக்கா மெஸ்ஸில் கிழங்கான் வறுவலே இருந்தது. முள்ளை எடுத்துக்கொடுக்க நான் கை நீட்டினேன். வேண்டாம் மாமா என்று தானே எடுத்து, மூன்று மீன் சாப்பிட்டாள்.