பந்தயத் தடத்தில் ஓட்ட ஒரு பழைய கார்: யாழ்ப்பாணத்திலிருந்து வாங்குபவர்களுக்கான செய்முறை

களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையில் இருக்கும் பந்தயத் தடம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போக நானூறு கிலோமீற்றருக்கு மேல். குருநாகல் மாவட்டத்துப் பன்னலவில் உள்ள தடம் சற்றுக் கிட்ட. சாலியபுரவும் தியத்தலாவையும் பெயர்பெற்ற இடங்கள்தான், ஆனால் அவை மண் தடங்கள். அங்கே ஓடும் கார் வேறு, ஓட்டும் முறை வேறு. 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும் தொடக்கக்காரருக்கு உரியதல்ல. ஆக, நாம் வாங்கும் கார் இரவோடிரவாக ஏ9 வீதியில் போகவேண்டும், பகல் முழுவதும் தடத்தில் அடிபடவேண்டும், பிறகு நம்மை வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். இதை மனதில் வைத்தால் பாதித் தெரிவு தானாகவே முடிந்துவிடும். ஆசனங்களைக் கழற்றி, கம்பிக்கூடு பொருத்தி, பதிவும் காலாவதியான பந்தயக் கார் மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்கு வேண்டாம்.

கார் ஓட்டவும் சில்லு மாற்றவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அடிப்படைகளுக்குள் போகவில்லை.

படி 1: பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் ரயர், பிரேக் பாட், ரேடியேட்டர், ரைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளை இயக்கும் பட்டி) ஆகியவற்றுக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறி, விலையும் ஏறிக்கொண்டு போனது. ஆகவே ஒரு காரின் விலையைப் பார்த்து அதன் நிலைமையை ஊகிக்கவே முடியாது.

படி 2: எந்தக் கார்?

குதிரைவலுவைப் பார்த்து வாங்கவேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தடத்தில் காரைக் கொல்வது வேகமல்ல, சூடு. எஞ்சின் சூடு, பிரேக் சூடு, கியர்பொக்ஸ் சூடு. எடை குறைந்த கார் இந்த மூன்றையும் குறைவாகவே உண்டாக்கும். அதோடு, உடையும் பாகம் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ் பார்சலில் அடுத்த நாளே வந்து சேரவேண்டும்.

என் முதல் தெரிவு ஹொண்டா சிவிக் ஈகே3, கையால் கியர் மாற்றும் வகை. 1.5 லீற்றர் எஞ்சினில் 130 குதிரைவலு. முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் வகை) இருப்பதால் வளைவில் ரயர் தரையோடு நன்றாகப் படிந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: இலங்கைக்கு வந்த ஈகே3களில் பல சிவிடி கியர்பொக்ஸ் (பல்லுச்சில்லுக்குப் பதிலாகப் பட்டியால் ஓடும் ஒட்டோ வகை) உடையவை. விளம்பரத்தில் ‘ஒட்டோ’ என்று இருந்தால் தொலைபேசியைக்கூட எடுக்காதீர்கள். தடத்தின் சூட்டுக்கு அந்தக் கியர்பொக்ஸ் தாக்குப்பிடிக்காது.

பணம் கூடுதலாக இருந்தால் 2005 முதல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 1.6 லீற்றர், 125 குதிரைவலு, ஏறத்தாழ ஒரு தொன் எடை. குறைவாக இருந்தால் டொயோட்டா ஸ்டார்லெட் அல்லது சாதாரண கொரோலா 110. கொரோலாவை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தடத்தில் பழக அதைவிடப் பொறுமையான கார் இல்லை.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அழகான கார், சில வேளைகளில் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகவும் வரும். அதில் இருப்பது பிஸ்டன் இல்லாத, சுழலி எஞ்சின். ஒயிலை எரித்துக்கொண்டு ஓடுவதே அதன் வடிவமைப்பு. சுழலியின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் முனை சீல்கள் தேய்ந்தால், சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது பிடிக்காது. எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் சாதாரணக் கம்பிரஷன் மீற்றரால் அதை அளக்க முடியாது. ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று முகங்கள் இருப்பதால் தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவியும் அதை வாசிக்கத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆசைப்படாதீர்கள்.

பெற்றோலையும் யோசியுங்கள். கொரோலா லெவினில் வரும் 20 வால்வு எஞ்சின் போன்ற உயர் அழுத்த எஞ்சின்கள் ஜப்பானில் கிடைக்கும் 100 ஒக்டேனை நினைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். 95 போட்டு ஓட்டலாம். ஆனால் வெயிலில் முழு வேகத்தில் எஞ்சினுக்குள் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறதா என்று காது வைத்திருக்கவேண்டும்.

படி 3: பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஜப்பானிலிருந்து வந்த வேறு எஞ்சினை மாற்றிப் போடுவது மிகச் சாதாரணம். மாற்றியது குற்றமல்ல; மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்கவேண்டும். ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதைத் தீர்த்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாம்.

படி 4: துரு

தீவுப்பகுதியிலோ காரைநகரிலோ நின்ற காரை உப்புக்காற்று அடியிலிருந்து தின்றிருக்கும். சிவிக்கில் பின்சில்லுக்கு மேலுள்ள வளைவின் உட்புற விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே தகடு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கியில் ஏற்றி, சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடங்களைத் திருப்புளியால் அழுத்துங்கள். அந்த இடங்களில் துருவென்றால் விலைபேச்சே வேண்டாம். கதவில் துரு என்றால் குறைத்துக் கேளுங்கள்.

படி 5: ரேடியேட்டர். இங்கே நேரம் செலவழியுங்கள்

நம் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை, வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருக்குள்ளும் படிந்திருக்கும். ஊருக்குள் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அது தெரியவே தெரியாது. தடத்தில் எஞ்சினை நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் கால் மணிநேரம் ஓட்டினால் தெரிந்துவிடும்; அப்போது ஹெட் காஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறவுங்கள். கழுத்தின் உட்புறத்தைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பச்சையோ சிவப்போ ஆன கூலன்ட் தெளிவாக இருந்தால் நல்லது. செம்மண் நிறத் தண்ணீரும் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் புது ரேடியேட்டரின் விலையைக் கார் விலையில் கழியுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் திரும்பி வாருங்கள்.

மூடி திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் சில குமிழிகள் வரும். அது உள்ளே நின்ற காற்று. எஞ்சின் சூடாகத் தொடங்கிய பின்னும் குமிழி நில்லாமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. பார்த்தவுடன் எஞ்சினை நிறுத்தி, விலகி நில்லுங்கள். சூடேறிய தண்ணீர் பொங்கி வழியும்.

அடுத்த பரிசோதனைக்கு ஆறவிட்டு, மூடியைப் போட்டு, விசிறி இரண்டு தரம் ஓடி நிற்கும்வரை விடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தைத் துப்பாக்கி வடிவ வெப்பமானியால் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அளவெடுங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்துவிட்டன. முதலில் வாங்கவேண்டிய கருவி எதுவென்று கேட்டால் இந்த வெப்பமானியைத்தான் சொல்வேன். டாஷ்போர்டிலுள்ள சூட்டு முள்ளை நம்பாதீர்கள். பல ஜப்பானியக் கார்களில் அது நடுவில் அசையாமல் நின்று, நிலைமை கைமீறிய பிறகுதான் எழும்.

கார் உங்களுடையதான பிறகு கிணற்றுத் தண்ணீரை அதற்குக் காட்டவே வேண்டாம். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

படி 6: கம்பிரஷன்

விற்பவர் மறுத்தால் காரையும் மறுத்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள், பற்றவைப்பையும் பெற்றோலையும் துண்டியுங்கள், பற்றரி முழு சார்ஜில் இருக்கட்டும். பலர் தவறவிடுவது இதற்கு அடுத்ததை: ஒருவர் அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாமல் நல்ல எஞ்சினும் மோசமாகக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவிட்டு அளவை எழுதுங்கள்.

நான்கும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கிடையில் ஹெட் காஸ்கட் விட்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

வயதான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அது. பொனற்றில் கை வைத்து, “தம்பி, மூன்றாவது சிலிண்டர் சோர்ந்துபோய் இருக்கிறது, மீற்றரைப் போட்டுப் பார்” என்று அவர் சொன்னால் பெரும்பாலும் மீற்றரும் அதையே சொல்லும்.

மின்னணுப் பக்கத்தை நீங்களே பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். அந்தக் காலச் சிவிக்கில் முன்பயணியின் பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே, இரண்டு கம்பியுள்ள சிறு இணைப்பு ஒன்று உண்டு. அதைக் காகிதக் கிளிப்பால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு சிமிட்டும்: நீளச் சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. எண்ணிக் குறித்துக்கொண்டால் எந்த சென்சார் பழுது என்று தெரிந்துவிடும்.

ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எண்ணுங்கள். சிவிக்கின் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

படி 7: தடத்துக்குப் போகுமுன்

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை. கொதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே போவதற்கு முதல் கிழமை, பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றிப் புது ஒயில் நிரப்புங்கள்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரயரில் நான் தடத்துக்குள் போகமாட்டேன். நம் வெயிலில் அது இறுகிப்போயிருக்கும். சில்லு நட்டுகளை இறுக்க டோர்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் சாவி) வாங்குங்கள். விலை கூடவென்றாலும் நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

பிறகு சேர்த்தவை

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: காப்புறுதி தடத்துக்கும் செல்லுமா? சாதாரண வாகனக் காப்புறுதி பந்தயத்தையும் வேகப் பரீட்சையையும் விலக்கியே எழுதப்படுகிறது. தடத்தில் காருக்கு ஏற்படும் சேதம் உங்கள் செலவு என்று கணக்கிட்டே போங்கள். இந்தக் காரணத்தாலும் மலிவான கார் நல்லது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஹெல்மெட்களைச் சோதித்துத் தரம் கொடுக்கும் ஸ்னெல் அமைப்பின் கார்ப் பந்தயத் தரக்குறி எஸ்ஏ. எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கானது. எஸ்ஏ வகையில் உட்பகுதி தீயையும் தாங்கவேண்டும். எதை அனுமதிக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மாதத்தைப் பற்றியும் கேள்வி வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை களுத்துறையை நனைத்துவிடும், இங்கே வெயில் கொளுத்தினாலும்.

கடைசியாக, அனலைதீவு நண்பர் ஒருவரின் பின்பிரேக் ஒட்டிக்கொண்டது. முழு வேகத்தில் ஓடிவிட்டு உடனே நிறுத்தி, கைபிரேக்கை இழுத்திருக்கிறார். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் காரைக் கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டை வையுங்கள். பிரேக் ஆறும்வரை கைபிரேக்கைத் தொடவேண்டாம்.