முன்பக்க பார்க்கிங் சென்சார் எதுக்கு கத்துது, எதுக்கு கத்தாம விடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுங்க

முன் பம்பர்ல சின்னதா வட்டமா நாலு இருக்கும் பாருங்க, தானா பார்க் பண்ற வசதி இருக்குற வண்டின்னா பெரும்பாலும் ஆறு. அது கேமராவும் இல்ல ரேடாரும் இல்ல. எதையும் பாக்காது, எதிரொலிய கேக்கும், அவ்ளோதான் அதோட வேலை.

உள்ள ஒரு பீசோ துண்டு, முகத்துல மெல்லிசா ஒரு அலுமினிய தகடு. கரண்ட் குடுத்தா 40லருந்து 50 கிலோஹெர்ட்ஸ் வாக்குல அதிரும், மனுஷ காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ தாண்டினா எட்டாது, அதனால நமக்கு கேக்குற பீப் எல்லாம் காருக்குள்ள இருக்குற ஸ்பீக்கர் போடுறது தான். அந்த அதிர்வு எதிர்ல இருக்குற சுவத்துல பட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்து தூரத்த கணக்கு போடுது. 20 டிகிரி வெயில்ல சத்தம் செகண்டுக்கு சுமாரா 343 மீட்டர் போகும், அப்போ சுவர் 1 மீட்டர்ல இருந்தா போயிட்டு வர 6 மில்லிசெகண்ட் கூட ஆகாது. ஒரு சென்சார் அனுப்பினத பக்கத்துல இருக்குறதும் சேந்து கேக்கும், அத வச்சு தான் பொருள் இடது மூலையிலயா நடுவுலயான்னு ஸ்க்ரீன்ல காட்டுது.

இப்ப முக்கியமான விஷயம். மணிய அடிச்சா ரீங்காரம் உடனே அடங்காதுல்ல, அதே மாதிரி அந்த தகடும் அனுப்பி முடிச்ச பிறகு கொஞ்ச நேரம் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல வர்ற எதிரொலி அதுக்கு சரியா கேக்காது. அதனால ரொம்ப கிட்ட போனா தூரத்த அளக்க முடியாது. நிறைய வண்டில சுமார் 30 செ.மீ வந்ததும் பீப் விடாம ஒரே சத்தமா வரும், அங்கயே நிறுத்திடுங்க, இன்னும் கொஞ்சம் போலாம்னு அத நம்பி அளவெடுக்காதீங்க.

எதெல்லாம் தப்பிக்கும்னா, ஒல்லியான கம்பி, சங்கிலி, சாய்வா இருக்குற பரப்பு (சத்தம் வேற பக்கம் தெறிச்சிடும்), கம்பளி மாதிரி சத்தத்த உறிஞ்சுற துணி. இதுல மோசமானது தாழ்வான கல்லுதான், தூரத்துல இருக்கும்போது பீப் அடிக்கும், கிட்ட போகப் போக அது சென்சாரோட பார்வைக்கு கீழ போயிடும், சத்தமும் நின்னுடும், நீங்க ஆபத்து போயிடுச்சுன்னு நெனச்சு முன்னாடி விடுவீங்க, பம்பர் அடி வாங்கிடும். பீப் அடிச்சு திடீர்னு நின்னா இறங்கிப் பாருங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல.

சும்மா சும்மா கத்துனா முதல்ல சென்சாரோட முகத்த துடைங்க. சேறு, பனி, தண்ணி சொட்டு எல்லாமே காரணம் ஆகும். வெளிய துருத்திக்கிட்டு இருக்குற நம்பர் பிளேட் ஃப்ரேம், அப்புறமா வாங்கி மாட்டின இரும்பு பம்பர் கார்டு, பக்கத்துல லாரி ஏர் பிரேக் விடுற அந்த புஸ் சத்தம் கூட குழப்பும். மெதுவா நகர்ற டிராஃபிக்ல கத்துறது கோளாறு இல்ல, நிறைய வண்டில முன் சென்சார் 10-15 கி.மீ வேகத்துக்கு கீழ தானா முழிச்சிக்கும், தொல்லையா இருந்தா பார்க்கிங் சென்சாருக்கான P பட்டன (கியர் P இல்ல) அமுக்கி ஆஃப் பண்ணிக்கலாம்.

ஒன்னு மட்டும் செத்துப் போச்சான்னு பாக்கணுமா, இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் மட்டும் ஆன், சென்சார ஆன் பண்ணிட்டு ஒவ்வொன்னு மேலயும் விரல் வைங்க இல்ல காத கிட்ட கொண்டு போங்க, டிக்டிக்னு மெல்லிசா துடிக்கும், துடிக்காதது தான் சந்தேகம். சில வண்டில கியர் P-ல இருந்தா சென்சார் வேலையே செய்யாது, அத மேனுவல்ல பாத்துக்கோங்க. ஆள முன்னாடி நிக்க வச்சு இன்ஜின் ஓட கியர்ல போட்டு டெஸ்ட் பண்ற வேலை மட்டும் வேணாம்.

பம்பருக்கு பெயின்ட் அடிச்சா சென்சார் மேல தடியா ஏத்த விடாதீங்க, தகடு அதிர முடியாம போயிடும். ப்ரஷர் வாஷ் கன்ன ரொம்ப கிட்ட வச்சு அடிக்கவும் வேணாம்.

வெளிய கிட் வாங்கி மாட்டுறவங்களுக்கு: பின் சென்சாருக்கு ரிவர்ஸ் லைட் வயர்லருந்து கரண்ட் எடுப்பாங்க, முன்னாடி அப்படி ஒன்னு இல்ல, பெரும்பாலும் தனியா சுவிட்ச் வேணும். சென்சார் முதுகுல மேல்பக்கம் எதுன்னு அம்புக்குறி இருந்தா அத பாத்து மாட்டுங்க, திருப்பி மாட்டினா தரையவே சுவர்னு நெனச்சு கத்திக்கிட்டே இருக்கும்.